வீட்டைவிட்டுப் போனால் வாக்கும் போய்விடுகிறதா?

ஜப்பான் 2016இல் வாக்களிக்கும் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் 18 வயதினரும் 19 வயதினரும் முதன்முறையாக வாக்களித்தார்கள். இரு வயதினருக்குமே அதுதான் முதல் தேர்தல். இருவரும் கேட்டது ஒரே பிரசாரம், பார்த்தது ஒரே தொலைக்காட்சி விவாதம். இருந்தும் 18 வயதினரில் 51.28 விழுக்காட்டினர் வாக்களித்தபோது, 19 வயதினரில் 42.30 விழுக்காட்டினர்தான் வாக்களித்தார்கள். ஒரு வயது கூடியதற்கு ஒன்பது புள்ளிச் சரிவு.

வயது ஏற ஏறப் பொறுப்பும் ஏறும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆயுள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதில் தவறில்லை. அமெரிக்காவின் 2020 அதிபர் தேர்தலில், அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீட்டின்படி, 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களில் 51.4 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 65 முதல் 74 வயதுவரை உள்ளவர்களில் 76 விழுக்காட்டினர். ஆனால் அந்த ஏற்றத்தின் தொடக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானிய 19 வயதினர் விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஜூலையில் 18 வயதினரில் ஒரு பகுதியினர் இன்னும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். 19 வயதினர் எல்லாரும் பள்ளியை முடித்துவிட்டவர்கள். அவர்களில் பலர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் குடிபெயர்ந்துவிட்டவர்கள். ஆனால் குடியிருப்புப் பதிவைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே ஏராளம். ஆள் ஓர் ஊரில், வாக்கு இன்னோர் ஊரில்.

இதையே இன்னும் துல்லியமாகக் காட்டியது டென்மார்க். அங்கே யார் வாக்களிக்க வந்தார்கள், யார் வரவில்லை என்ற அதிகாரப்பூர்வப் பதிவை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியும். "வாக்களித்தீர்களா?" என்று கேட்டால் வராதவரும் "ஆமாம்" என்று சொல்லிவைப்பார், பதிவேடு அப்படிப் பொய் சொல்லாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 உள்ளாட்சித் தேர்தல் பதிவுகளை எடுத்து, வாக்காளரின் வயதை மாதக்கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதுதான் 18ஐத் தொட்டவர்கள் நல்ல எண்ணிக்கையில் வந்திருந்தார்கள். அதன்பின் மாதம் கூடக்கூட வருகை சறுக்கிக்கொண்டே போனது. இருபதுகளின் தொடக்கத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகுதான் மெல்ல ஏறத் தொடங்கியது.

சறுக்கலுக்குக் காரணம் அரசியல் அலுப்பு என்றால் அது ஒவ்வொரு மாதமாக இப்படி ஒழுங்காக இறங்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் கண்ட காரணம் எளிமையானது: அந்த வயதில்தான் பிள்ளைகள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். வாக்களிக்கும் பெற்றோரோடு இருக்கும்வரை பிள்ளையும் வாக்களிக்கிறது. அறை எடுத்துத் தங்கிய பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் பெற்றோர் அல்லர், அதே வயது நண்பர்கள், அவர்களும் வாக்களிக்காதவர்கள். இந்தப் பாதிப்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. பிள்ளைக்கு வாக்குரிமை கிடைத்த வீட்டில் பெற்றோரின் வருகையும் ஏறக்குறைய மூன்று புள்ளி கூடுகிறது என்று அதே நாட்டில் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வு கண்டது.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வது தொற்றா, அல்லது ஒத்த குணமுள்ளவர்கள் ஒன்றாக வாழ்வதா என்று ஐயம் எழலாம். டேவிட் நிக்கர்சன் என்ற அரசியல் அறிவியலாளர் அமெரிக்காவின் டென்வர், மினியாபொலிஸ் நகரங்களில் இதைச் சோதித்தார். இரண்டு வாக்காளர்கள் மட்டும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டி, சில வீடுகளில் "வாக்களியுங்கள்" என்றும் சில வீடுகளில் "குப்பையை மறுபயனீடு செய்யுங்கள்" என்றும் சொல்லச் செய்தார். கதவைத் திறந்தவர் ஒருவர். உள்ளே இருந்த மற்றவர் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் கதவைத் திறந்தவரிடம் ஏற்பட்ட விளைவில் ஏறக்குறைய 60 விழுக்காடு கேட்காதவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கதவைத் திறந்து திட்டித் துரத்துகிறவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் வேட்பாளர்கள் ஏன் பல்லைக் காட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே வாக்களிக்கும் வயது 21. மணமாகாதவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். மணமுடிப்பவர்களும் புதுவீட்டுச் சாவி கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எம்ஆர்டி ரயில் தூரம்தான். ஆக, முதன்முறை வாக்களிக்கும் சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, தாங்கள் வளர்ந்த அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 18 வயதில் விரியும் பள்ளம் இங்கே 21 வயதில்கூட விரிவதில்லை. நம் இளையரின் வருகையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கட்டாய வாக்களிப்புச் சட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இந்த வீட்டுக் கணக்கை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்.

வாக்களிப்பு நாள் காலையில் ஈசூனிலோ சுவா சூ காங்கிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்று அம்மா எல்லாரையும் விரட்டிக் கிளப்பியிருப்பார். அப்பா கையில் தபாலில் வந்த வாக்களிப்பு அட்டைகள், கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில். மகள் அரசாங்கத்தின் மின்னடையாளச் செயலியான சிங்பாஸைத் திறந்து, "எனக்கு இதிலேயே வந்துவிட்டதப்பா" என்கிறாள். பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிற தம்பிக்கு வயது 19. தேசிய சேவையில் இருக்கிறான், வார இறுதிக்கு முகாமிலிருந்து வந்திருக்கிறான். அவனுக்கு வாக்கு இல்லை. ஆயுதம் ஏந்தப் பயிற்சி பெறுகிற வயதில் ஏன் முத்திரை குத்தக் கூடாது என்ற கேள்வி இங்கே பழையது. அதற்கு அரசாங்கமும் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. அவன் வெளியே நின்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதே சாவடி, அதே வரிசை, அதே வழி. அடுத்த தேர்தலில் தன் முறை வரும்போது அவனுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இந்தக் 'கற்றுக்கொள்ளல்' சிறிய விஷயமன்று. வாக்களிப்பைப் பற்றிய கோட்பாட்டின் நடுமையமே அதுதான். 1957இல் ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் சங்கடமான ஒரு கேள்வியை எழுப்பினார்: லட்சக்கணக்கானோர் வாக்களிக்கும்போது, என் ஒரு வாக்கால் முடிவு மாறும் வாய்ப்பு கிட்டத்தட்டச் சுழியம். ஆனால் போய் வருவதற்கு நேரமும் அலைச்சலும் நிச்சயம். கணக்குப் போட்டு நடக்கிற மனிதன் ஏன் போகிறான்? 1968இல் வில்லியம் ரைக்கரும் பீட்டர் ஆர்டெஷுக்கும் அந்தக் கணக்கில் இன்னோர் உறுப்பைச் சேர்த்தார்கள்: கடமை உணர்வு. முடிவை மாற்றும் வாய்ப்பையும் அதனால் வரும் பயனையும் பெருக்கு, செலவைக் கழி, கடமையிலிருந்து கிடைக்கும் நிறைவைக் கூட்டு. விடை சுழியத்துக்கு மேல் வந்தால் ஆள் கிளம்புவார்.

ஒவ்வொரு வாக்கும் முடிவை மாற்றாது என்பது உண்மைதான் என்றாலும், சிங்கப்பூரின் 2011 அதிபர் தேர்தலை மறந்துவிடக் கூடாது. டோனி டானுக்கும் டான் செங் போக்குக்கும் இடையே 7,382 வாக்குகள்தான் வித்தியாசம், 0.35 விழுக்காடு. டோனி டானுக்கு வாக்களித்தவர்களில் 7,400 பேர் வீட்டிலேயே இருந்திருந்தால் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

இளையரின் கணக்கில் செலவு என்ற உறுப்புதான் பெரிது. ஐம்பது வயதுக்காரருக்கு எங்கே போவது, என்ன கொண்டுபோவது, வேட்பாளர் யார் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். இருபது வயதுக்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். எரிக் புளுட்சர் 2002இல் எழுதிய ஆய்வில் இதைத் தொடக்கச் செலவு என்ற கோணத்தில் விளக்கினார். அந்தச் செலவை ஒருமுறை கட்டிவிட்டால் அடுத்தடுத்த தேர்தல்களில் அது திரும்ப வராது. முதல் தேர்தலைத் தவறவிட்டவருக்கோ அது அப்படியே நிலுவையில் நிற்கிறது. வாக்களிப்பது பழக்கமாகிறது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், ரான் ஷச்சார் மூவரும் 1998இல் நியூ ஹேவன் நகரில் ஏறக்குறைய 25,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் வாக்களிக்கத் தூண்டினார்கள். தூண்டப்பட்டவர்கள் அந்த ஆண்டு கூடுதலாக வந்தார்கள்; இதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு நகரத் தேர்தலில் அவர்களை யாரும் தூண்டவில்லை, அப்போதும் கூடுதலாக வந்தார்கள்.

எனவே முதல் வாக்கு எந்த வயதில் வருகிறது என்பது முக்கியமாகிறது. மார்க் பிராங்க்ளின் என்ற ஆய்வாளர், பல நாடுகள் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆக இறக்கியதே நீண்ட காலத்தில் வருகையைக் குறைத்துவிட்டது என்று வாதிட்டார். 18 என்பது வீட்டை விட்டு வெளியேறும் வயது. பழக்கம் தொடங்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. அப்படியானால் 16 சரிப்படுமா? ஆஸ்திரியா 2007இல் அதைச் செய்து பார்த்தது; அங்கே 16, 17 வயதினர் 18 முதல் 20 வயதினரைவிட அதிகமாக வாக்களிப்பதாகப் பதிவுகள் காட்டின. ஸ்காட்லாந்தின் 2014 பொது வாக்கெடுப்புக்குப் பின் பிரிட்டிஷ் தேர்தல் ஆணையம் நடத்திய கருத்தாய்வில், 16, 17 வயதினரில் 75 விழுக்காட்டினர் வாக்களித்ததாகச் சொன்னார்கள். 18 முதல் 24 வயதினரில் 54 விழுக்காட்டினர்தான்.

நம் 21 வயதுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பொதுத்தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவதால், 21 என்பது பெரும்பாலோருக்கு 21 ஆக இருப்பதில்லை. 1999 ஆகஸ்ட்டில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 10ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலை ஒரு மாத இடைவெளியில் தவறவிட்டார். 2023 செப்டம்பர் 1 அதிபர் தேர்தலில் 24 வயதில் முதன்முறை வாக்களித்தார். நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தது 2025 மே 3ஆம் தேதி, 25 வயதில். தேசிய சேவை, பட்டப்படிப்பு எல்லாம் முடிந்து வேலைக்கே போய்விட்ட ஆள். இவர் பெற்றோர் வீட்டில் இன்னும் இருப்பதால்தான் இந்தத் தாமதம் இங்கே பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இதைவிட மோசமான தாமதமும் இங்கே நடந்ததுண்டு. போட்டியே இல்லாத தொகுதியில் வாக்களிப்பு கிடையாது. 2001 பொதுத்தேர்தலில் 84 இடங்களில் 55 இடங்கள் வேட்புமனுத் தாக்கல் நாளன்றே முடிவாகிவிட்டன. வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் வாக்குச் சாவடிக்குப் போகும் வேலை இருந்தது. தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களிலும் போட்டியின்றியே போனது. முதல் போட்டி 2015இல். எல்லை மாற்றங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1991இல் அங்கே 21 வயதில் பெயர் பதிவான ஒருவர் தம் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முதன்முறை வாக்களித்தபோது அவருக்கு வயது 45. அதற்குள் அவருடைய பிள்ளைகளே வாக்களிக்கும் வயதை நெருங்கியிருப்பார்கள். பழக்கக் கோட்பாட்டின்படி அந்தத் தலைமுறை தொலைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 2015இல் நாடு முழுவதும் எல்லா இடங்களிலும் போட்டி இருந்தபோது வருகை 93 விழுக்காட்டுக்கு மேல். பழக்கமில்லாதவர்களும் வந்தார்கள். ஏன் என்பதற்குப் பதில் 1950களில் இருக்கிறது.

1948இல் சிங்கப்பூரின் முதல் சட்டமன்றத் தேர்தலுக்கு, பிரிட்டிஷ் குடிமக்கள் தாங்களே முன்வந்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர்கள் சுமார் 22,000 பேர். (அந்தப் பட்டியலில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட மிக அதிகமாக இருந்தது; நம்மவர்களின் அரசியல் ஆர்வத்துக்கு அதைப் பழைய சான்றாக வைத்துக்கொள்ளலாம்.) 1951இல் சுமார் 48,000. 1955 தேர்தலுக்குத் தானியங்கிப் பதிவு கொண்டுவரப்பட்டது. பட்டியல் ஒரே தாவலில் ஏறக்குறைய 3 லட்சம் ஆனது. ஆனால் வருகை விழுக்காடு? 1951இலும் 1955இலும் ஏறக்குறைய பாதிதான், 1955இல் 52.7. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்று தோன்றும். உண்மையில் வாக்களித்தவர்கள் சுமார் 25,000 பேரிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தார்கள்.

பின்னத்தின் கீழே இருக்கும் எண் மாறும்போது இப்படித்தான் விழுக்காடு ஏமாற்றும். அண்மையில் மலேசியாவிலும் அதுவே நடந்தது. அங்கே வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு, தானியங்கிப் பதிவும் சேர்ந்து, 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 2018இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த பட்டியல் 2022இல் 2 கோடியே 11 லட்சமானது. வருகை 82 விழுக்காட்டிலிருந்து 74க்கு இறங்கியது. "இளைஞர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று பலர் அங்கலாய்த்தார்கள். வாக்களித்தவர்களின் எண்ணிக்கையோ 1 கோடியே 23 லட்சத்திலிருந்து 1 கோடியே 56 லட்சமாகக் கூடியிருந்தது. முன்பு ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே பட்டியலில் இருந்தார்கள். இப்போது எல்லாரும் இருக்கிறார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள்?

தானியங்கிப் பதிவுக்கு அடுத்து, சிங்கப்பூர் இரண்டாவது கைப்பிடியைத் திருகியது 1959இல். 1957 இடைத்தேர்தல்களில் குண்டர் கும்பல்களும் பணமும் விளையாடியதாகப் புகார்கள் எழுந்து, விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் வழியாகவே கட்டாய வாக்களிப்பு வந்தது. எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்றால், வாக்காளரைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு விலை இல்லாமல் போய்விடுகிறது. இளையர் வராததைச் சரிசெய்ய வந்த சட்டமன்று அது. ஆனால் 1959 மே மாதத் தேர்தலில் வருகை 90 விழுக்காட்டைத் தொட்டது. அதன்பின் அது அந்த உயரத்தைவிட்டு இறங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் இதே தாவல்: 1922இல் 60 விழுக்காட்டுக்கும் கீழ், 1924இல் சட்டம், 1925இல் 91.

தண்டனை என்று பார்த்தால் அப்படியொன்றும் பயங்கரமில்லை. வாக்களிக்காதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பெயர் இல்லாதவர் அடுத்த தேர்தலில் வாக்களிக்கவும் முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. ஏற்கத்தக்க காரணம் இருந்தால் கட்டணமின்றியும், இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டியும் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். வேலை கிடைக்காது, வீடு கிடைக்காது என்றெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டி நான் கேட்டிருக்கிறேன்; சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஐம்பது வெள்ளிக்கு நால்வர் ஒருவேளை நன்றாகச் சாப்பிடலாம். அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் வரிசையில் நிற்பதில்லை. இதை எல்லாரும் செய்தே தீருவார்கள் என்ற எதிர்பார்ப்பைச் சட்டம் உருவாக்கிவிடுகிறது. அதன்பின் வராமலிருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பின் வலிமையைச் சட்டமே இல்லாத இடத்திலும் அளந்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1,80,000 வீடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கடிதம் பெறாத வீடுகளில் வருகை 29.7 விழுக்காடு. வாக்களிப்பது கடமை என்று நினைவூட்டும் கடிதம் அதை இரண்டு புள்ளிகூட உயர்த்தவில்லை. "நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும் சென்ற முறை வாக்களித்தீர்களா என்பது இதோ, தேர்தலுக்குப் பிறகு புதிய பட்டியலை எல்லாருக்கும் அனுப்புவோம்" என்ற கடிதம் 37.8க்குக் கொண்டுபோனது. உபதேசத்தைவிட அக்கம்பக்கத்தின் கண்ணுக்கு நான்கு மடங்கு வலிமை. இங்கே அப்படிக் கடிதம் அனுப்பத் தேவையில்லை, மின்தூக்கியில் ஏறினாலே "போட்டாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் இளையருக்கும் முதியவருக்கும் உள்ள இடைவெளி என்னவாகிறது? தேர்தல் துறை பெரிதாக வெளியிடுவது மொத்த வருகைதான். ஆனால் மொத்தத்தை வைத்தே ஓரளவு கணிக்கலாம். வாக்காளரில் பத்தில் ஒருவர் இளையர் என்றும் அவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மற்ற அனைவரும், படுத்த படுக்கையாக இருப்பவர் உட்பட, ஒருவர் விடாமல் வந்தால்கூட மொத்தம் 95 விழுக்காட்டைத் தாண்டாது. 2020இல் வருகை 95.81. எனவே அமெரிக்காவில் காணும் அந்தப் பெரும் பிளவு இங்கே இருக்க முடியாது, எண்கணிதமே அனுமதிக்காது. கட்டாயத்தால் வந்தவர்கள் வெறுப்பில் வாக்கைக் கெடுத்துவிட்டுப் போகிறார்களா என்றால் அதுவும் இல்லை: நிராகரிக்கப்பட்ட வாக்குகள் தேர்தலுக்குத் தேர்தல் 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றன.

அந்த 2020 எண்ணில் இன்னொரு சுவையும் உண்டு. கொள்ளைநோய்க் காலம் என்பதால் ஒவ்வொரு வாக்காளருக்கும் வந்து வாக்களிக்க இரண்டு மணி நேரப் பொழுது ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. முதியவர்களுக்குக் காலை நேரம். கூட்டத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் 2008இல் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சனும் டாட் ரோஜர்ஸும் தொலைபேசியில் வாக்காளர்களிடம் "எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள்?" என்று மட்டும் கேட்டதற்கே வருகை நான்கு புள்ளி கூடியது. தனியாக ஒரே வாக்காளர் வாழும் வீடுகளில் ஒன்பது புள்ளி. கூட இருப்பவர்களோடு பேசித் திட்டமிட ஆளில்லாதவர்களுக்கே அந்தக் கேள்வி அதிகம் உதவியது. நம் நேர ஒதுக்கீடும் அப்படி வேலை செய்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஏனென்றால் அந்த ஜூலையில் எல்லைகள் மூடிக் கிடந்தன. ஊருக்குப் போனவர் யாருமில்லை, வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்திருந்தார்கள். 2025இல் வருகை 93 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. மே தின விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை அது. பயண முகவர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பான ஆய்வையும் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் 1920களின் நடுவிலிருந்து 1948வரை வாக்களிப்புக் கட்டாயமாக இருந்தது. அந்தக் காலத்தில் வருகை சுமார் 30 புள்ளி உயர்ந்தது. கால் நூற்றாண்டுப் பழக்கம். ஒரு தலைமுறையே அதில் வளர்ந்து ஆளானது. சட்டத்தை எடுத்ததும் என்ன நடந்தது? வருகை விரைவிலேயே பழைய மட்டத்துக்குத் திரும்பிவிட்டது. தன் விருப்பத்தோடு தொடங்கிய வாக்களிப்பு நியூ ஹேவனில் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து கட்டாயப்படுத்திய வாக்களிப்பு வோவில் ஒட்டவில்லை. இரண்டும் முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றில் ஆளுக்குள் ஏதோ மாறியது, மற்றதில் ஆளைச் சுற்றியுள்ள சட்டகம் மாறியது. சட்டகத்தை எடுத்தால் அது தாங்கியதும் சேர்ந்தே இறங்கும்.

சிங்கப்பூரில் சட்டகத்தை எடுத்துப் பார்க்க யாரும் முன்வரப் போவதில்லை. ஆனால் அது தானாகவே அகன்றுவிடுகிற ஓரிடம் உண்டு: வெளிநாடு. மெல்பர்னிலோ மான்செஸ்டரிலோ படிக்கும் 22 வயது மாணவியை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் படிப்பதே ஏற்கத்தக்க காரணம் என்பதால் 50 வெள்ளி கிடையாது. விரட்டிக் கிளப்ப அம்மா இல்லை. மின்தூக்கியில் கேட்க யாருமில்லை. தானியங்கிப் பதிவும் அங்கே போதாது. வெளிநாட்டு வாக்காளராக அவர் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் குறைந்தது 30 நாளாவது சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும். ஜப்பானின் 19 வயதுக்காரர் தோக்கியோவில் நின்ற அதே இடம்தான்.

2025 பொதுத்தேர்தலுக்கு வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்கள் சுமார் 18,000 பேர். வெளிநாட்டில் வாழும் சிங்கப்பூரர்கள் 2 லட்சத்தை ஒட்டியவர்கள் என்பது அதிகாரப்பூர்வ மதிப்பீடு. அந்த 2 லட்சத்தில் குழந்தைகளும் அடக்கம், தகுதி பெறாதவர்களும் அடக்கம். எனவே இரண்டையும் வகுத்து ஒரு விழுக்காடு சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் உள்நாட்டு 93க்கு அருகில்கூட அது வராது என்பதைச் சொல்லக் கணக்கு தேவையில்லை.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வாக்களிக்கத் தன் தொகுதிச் சாவடிக்கே நேரில் போயாக வேண்டும். ஒரு வாக்குக்கு ஒரு விமான டிக்கெட். ஆர்வமில்லை என்று அவர்களைச் சொல்ல முடியுமா? கட்சிக் கொடி நிறத்தையும் கூட்டணிக் கணக்கையும் பற்றி அந்தத் திடலில் நடக்கும் விவாதத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சிங்கப்பூர் இந்தச் செலவைக் குறைக்க முயன்றிருக்கிறது. முன்பு லண்டன், நியூயார்க், பெய்ஜிங் போன்ற சில நகரங்களில் உள்ள தூதரக நிலையங்களுக்கு நேரில் போயாக வேண்டும். 2023 அதிபர் தேர்தலிலிருந்து தபால் வாக்கும் உண்டு. இணையத்தில் வாக்குச்சீட்டையும் திருப்பி அனுப்பும் உறையையும் இறக்கி, அச்சிட்டு, குறியிட்டு, வாக்களிப்பு நாளுக்கு முன் அஞ்சலில் சேர்க்க வேண்டும். அது வாக்களிப்பு நாளுக்குப் பின் பத்து நாளுக்குள் சிங்கப்பூருக்கு வந்துசேர வேண்டும். இருபது வயதுக்காரர்களில் எத்தனை பேர் அறையில் அச்சுப்பொறி இருக்கிறது, கடைசியாகக் கடிதம் ஒன்றைத் தபாலில் சேர்த்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தடை நாள்காட்டியில் இருக்கிறது. 2025இல் தேர்தல் ஆணை வெளியானது ஏப்ரல் 15. வெளிநாட்டு வாக்காளராக விண்ணப்பிக்க அதன்பின் இரண்டே நாள்தான் அவகாசம். வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23. எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்பது உறுதியானது அன்றைக்குத்தான். பிரசாரக் கூட்டங்களும் வலையொளிகளும் காணொளிகளும் அந்த மாணவியின் கைத்தொலைபேசியை நிறைத்தது அதற்கும் பிறகு. "நானும் வாக்களிக்கலாமே" என்று அவருக்குத் தோன்றிய வேளையில் பதிவு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பதிவுக்குத் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, முன்கூட்டியே தேர்தல் துறை இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாகச் செய்துவிடலாம். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு இதையும் ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும்.